மன்றத்துக்கு ஓராண்டு, ஆட்டுக்கு 18 மாதம்

ஏழைக் குடும்பங்களுக்கு ஆடோ கோழியோ கிடேரியோ வாங்கித் தர ஓர் இளைஞர் மன்றம் பணம் திரட்டத் தொடங்கினால், பணம் பெரும்பாலும் வந்துவிடுகிறது. இளைஞர்களிடம் வேகம் இருக்கிறது, கேட்கும்போது ஊரும் கொடுக்கிறது. வேலை கெடுவது அதற்குப் பிறகுதான். மன்றத்துக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. நிர்வாகிகள் ஓராண்டுக்குத் தேர்வாகிறார்கள், இடையில் தேர்வுகள், விடுமுறைகள், பிறகு மேற்படிப்பு, வேலை. ஆட்டுக்கு வேறொரு நாட்காட்டி. 21 நாளுக்கு ஒரு முறை பருவம், ஐந்து மாதம் சினை, குட்டி பால் மறந்து தனியாக மேய இன்னும் சில மாதம். இந்த இரண்டையும் பொருத்திப் பார்க்காமல் தொடங்கிய திட்டங்கள் ஆட்டைக் கொடுத்த நாளோடு முடிந்துவிடுகின்றன.

கணக்கைப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு இரண்டு பெட்டை ஆடு, அவற்றின் முதல் பெண்குட்டி அடுத்த குடும்பத்துக்கு என்பதுதான் திட்டம். பத்து மாத வயதுள்ள பெட்டை ஆட்டை வாங்குகிறீர்கள். புது இடத்துக்குப் பழகி, உடல் தேறி, கிடாவுடன் சேர்க்கும் எடையை எட்ட 2 மாதம். அந்த இனத்தின் வளர்ந்த ஆடு என்ன எடை இருக்குமோ அதில் மூன்றில் இரண்டு பங்காவது வந்த பிறகே சேர்க்க வேண்டும். பருவம் பார்த்துச் சேர்க்க 1 மாதம். சினை 150 நாள், அதாவது 5 மாதம். குட்டியை அடுத்த குடும்பத்துக்குக் கொடுக்கும் அளவுக்கு வளர்க்க 6 மாதம். மொத்தம் 14 மாதம், அதுவும் எல்லாம் சரியாக நடந்தால். ஒரு பருவம் தவறினால் மூன்று வாரம் போகும். இரண்டு ஆடும் முதல் ஈற்றில் ஒவ்வொரு குட்டிதான் போட்டன என்றால், இரண்டுமே கிடாக்குட்டியாக இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அப்போது அடுத்த ஈற்று வரை காத்திருக்க வேண்டும். ஆகவே 18 மாதம் என்று வைத்துக்கொள்வதே நியாயம். ஆட்டை வாங்கிய நிர்வாகிகளில் பலர், அதன் முதல் பெண்குட்டி கைமாறும் நாளில் மன்றத்தில் இருக்க மாட்டார்கள். இனி எழுதப்போகும் அத்தனையும் இந்த ஒரு கணக்கிலிருந்து வருபவைதான்.

எவ்வளவு திரட்ட வேண்டும்

ஓர் ஆட்டின் விலை என்ன என்று சந்தையில் விசாரித்து, அதைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் பெருக்கி இலக்கு வைப்பதுதான் முதல் தவறு. இரண்டு பெட்டை ஆடுகளின் விலையை 100 பங்கு என்று வையுங்கள். கொட்டிலுக்கு 40 பங்கு ஒதுக்குங்கள். முதல் சில மாதங்களுக்கான அடர்தீவனம் (தானியம், பிண்ணாக்கு போன்றவற்றின் கலவை), தாது உப்புக் கலவைக்கு 20. காப்பீடு இருந்தால் அதன் கட்டணத்துக்கும், இறந்த ஆட்டுக்கு மாற்று வாங்கும் நிதிக்கும் சேர்த்து 15. தடுப்பூசி, குடற்புழு மருந்து, மருத்துவர் வந்துபோகும் செலவுக்கு 10. ஏற்றி இறக்க 10. வாளி, கயிறு, தீவனப்புல் கரணைக்கு (நடுவதற்கான தண்டுத் துண்டு) 5. கூட்டினால் இன்னொரு 100 வருகிறது. ஆட்டின் விலைக்கு இரண்டு மடங்கு திரட்டினால்தான் அது வேலைக்கு ஆகும். இடத்துக்கு இடம் பங்குகள் மாறும். குடும்பமே மரம் வெட்டிக் கொட்டில் கட்டினால் அந்த 40 பாதியாகக் குறையலாம். ஆனால் மருத்துவச் செலவையும் மாற்று நிதியையும் குறைக்க நான் ஒப்ப மாட்டேன். பணம் குறைவாக வந்தால் குடும்பங்களின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆறு குடும்பங்களுக்கு வெறும் ஆடு கொடுப்பதைவிட மூன்று குடும்பங்களுக்கு முழுதாகச் செய்வது மேல்.

நன்கொடை கேட்கும்போது என்ன சொல்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். "இந்தத் தொகை கொடுத்தால் உங்கள் பெயரில் ஓர் ஆடு" என்று சொல்லிவிட்டால், கொடுத்தவர் என் ஆடு எங்கே என்று கேட்பார், அந்த ஆடு செத்தால் வருத்தப்படுவார், கொட்டில், தீவனம், மருந்து என்று போன பாதிப் பணத்துக்குக் கணக்கு சொல்ல முடியாது. "இரண்டு ஆடுகளும் அவற்றுக்கு ஓராண்டுப் பராமரிப்பும் சேர்ந்து இவ்வளவு, அதில் நீங்கள் ஒரு பங்கு" என்று சொல்வது நேர்மை. துண்டறிக்கையிலேயே இன்னொரு வரியும் இருக்கட்டும்: இலக்கைத் தாண்டி வரும் பணம் மாற்று நிதியில் சேரும்.

திரட்டும் வழிகள் உங்களுக்கே தெரியும். நடைப் பயணத்துக்கு உறுதித்தொகை (நடந்து முடித்தால் தருவதாக ஒருவர் ஒப்புக்கொள்ளும் பணம்), பழைய தாள் சேகரிப்பு, கைவினைப் பொருள் விற்பனை, கார் கழுவுதல். எது செய்தாலும் இரண்டு இடங்களில் ஓட்டை விழும். ஒன்று, விற்பனையில் வந்த மொத்தத்தை வருமானம் என்று அறிவிப்பது. பொருள் வாங்கிய செலவைக் கழித்தால் பாதிகூட மிஞ்சாமல் போகலாம். தொடங்கும் முன்பே ஒரு தாளில் செலவை எழுதி, எத்தனை விற்றால் முதல் திரும்பும் என்று பார்த்துவிடுங்கள். மற்றது, உறுதித்தொகை. நடந்து முடித்த உற்சாகத்தில் உறுதி சொன்னவர்களிடம் 14 நாளுக்குள் வசூலித்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் கேட்கவே கூச்சம் வரும். கைக்கு வராத உறுதியை இலக்கில் சேர்க்காதீர்கள்.

பணத்தைத் தொடும் முறை எளிது, ஆனால் ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம், வசூலுக்கு எப்போதும் இருவர், இடத்தை விட்டுக் கிளம்பும் முன்பே இருவரும் எண்ணிக் கையெழுத்து, மறுநாளே வங்கியில் செலுத்துதல், பணம் எடுக்க இரண்டு கையெழுத்து. உறுப்பினர்கள் 18 வயது நிரம்பாதவர்கள் என்றால் அதில் ஒன்று பொறுப்பேற்கும் பெரியவருடையதாக இருக்கட்டும். சந்தேகம் வந்த பிறகு இந்த ஒழுங்கைக் கொண்டுவர முடியாது.

எந்தக் கால்நடை

கால்நடை என்றதும் மனத்தில் வருவது பசுதான். இந்த யோசனையின் வரலாறும் பசுவில்தான் தொடங்குகிறது. 1930களின் கடைசியில், உள்நாட்டுப் போர் நடந்த ஸ்பெயினில் நிவாரணப் பணியில் குழந்தைகளுக்குப் பால் பங்கிட்டுக் கொடுத்த அமெரிக்கர் டான் வெஸ்ட், கோப்பைப் பாலைவிடப் பசுவையே கொடுத்தால் என்ன என்று யோசித்தார். 1944இல் அவர் தொடங்கிய திட்டத்தின் முதல் கப்பல் 17 கிடேரிகளை ஏற்றிக்கொண்டு புவேர்ட்டோ ரிக்கோவுக்குப் போனது. பிற்காலத்தில் ஹைஃபர் இன்டர்நேஷனல் என்று வளர்ந்த அமைப்பு அதுதான். பெறுபவர் முதல் பெண்கன்றை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற விதியும் அங்கிருந்தே வருகிறது. ருவாண்டா அரசு 2006இல் தொடங்கிய கிரின்கா திட்டமும் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பசு என்ற அடிப்படையில் அமைந்தது, அதிலும் முதல் பெண்கன்று அடுத்த வீட்டுக்குப் போகும்.

ஆனால் ஒரு சிறிய மன்றம் பசுவில் தொடங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை. வளர்ந்த பசு ஒரு நாளைக்கு 25 முதல் 40 கிலோ பசுந்தீவனம் தின்னும். கறவைப் பசு ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் 4 முதல் 5 லிட்டர் தண்ணீர் குடிக்கும். சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். கன்று ஈனுவதற்கு முன் 2 மாதம் பால் வற்ற விட வேண்டும், அந்த நாட்களில் வருமானம் கிடையாது, தீவனச் செலவு மட்டும் உண்டு. எல்லாவற்றையும்விட, பசு ஒன்றுதான். அது செத்தால் எல்லாம் போயிற்று. சொந்தமாகத் தீவன நிலமும், பக்கத்தில் பால் வாங்கும் இடமும், கையெட்டும் தூரத்தில் கால்நடை மருத்துவரும் உள்ள குடும்பத்துக்குப் பசு நல்லது. மிகவும் ஏழ்மையான குடும்பங்களிடம் இம்மூன்றும் சேர்ந்து இருப்பதில்லை.

கோழி மலிவு, விரைவில் பலன், பெண்கள் கையிலேயே இருக்கும். ஆனால் வெள்ளைக்கழிச்சல் நோய் ஒரு முறை வந்தால் இரண்டு வாரத்தில் கூடு காலியாகிவிடும். குளிர்ச்சி கெடாமல் கொண்டுபோன தடுப்பு மருந்தைக் கண்ணில் சொட்டாக விட்டு, உரிய இடைவெளியில் திரும்பத் திரும்பக் கொடுக்க ஆள் இருந்தால் மட்டும் கோழி கொடுங்கள். குஞ்சாகக் கொடுத்தால் முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை, பிறகு வாரம் 3 டிகிரி வீதம் குறைக்கலாம். மின்சாரம் உறுதியாக இல்லாத வீட்டுக்கு ஒரு நாள் குஞ்சுகளைக் கொடுப்பது வீண். இரண்டு மாதத்துக்கு மேல் வளர்ந்த கோழிகளைக் கொடுங்கள்.

பெரும்பாலான மன்றங்களுக்கு வெள்ளாடு பொருந்தும். அதுவும் ஒன்று இல்லை, இரண்டு. ஆடு கூட்டமாக வாழும் விலங்கு. தனி ஆடு கத்திக்கொண்டே இருக்கும், மேயாது, கயிற்றை இழுத்துக் கழுத்தைப் புண்ணாக்கிக்கொள்ளும். ஒன்று இறந்தாலும் இன்னொன்று மிஞ்சும் என்பதும் ஒரு காரணம்.

யாருக்கு

ஏழ்மையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் போதாது. வீட்டுக்குப் போய் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும். தீவனம் யார் கொண்டுவருவார்கள்? தண்ணீர் எவ்வளவு தூரம்? இரவில் எங்கே அடைப்பீர்கள்? முன்பு ஆடு வளர்த்திருக்கிறீர்களா? வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் ஆட்டை யார் பார்ப்பார்கள்?

முதல் கேள்வியில்தான் பாதிக் குடும்பங்களின் உண்மை நிலை வெளிவரும். 30 கிலோ எடையுள்ள ஆட்டுக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் 3 முதல் 4 சதவீதம் உலர்பொருள் (தண்ணீர் போக மிஞ்சும் தீவனம்) வேண்டும், அதாவது 0.9 முதல் 1.2 கிலோ. பசும்புல்லில் முக்கால் பங்கு தண்ணீர்தான். ஆகவே அந்த 1.2 கிலோவைத் தர 3 கிலோ பசுந்தழை, 350 கிராம் உலர்தீவனம், 150 கிராம் அடர்தீவனம் என்று கூட்டினால் சரியாக இருக்கும். இரண்டு ஆட்டுக்கு நாளைக்கு 6 கிலோ தழை. ஓராண்டுக்கு 2 டன்னுக்கு மேல். மேய்ச்சல் நிலம் இல்லாத வீட்டில் யாரோ ஒருவர் அந்த 2 டன்னையும் தலையில் சுமந்து வர வேண்டும். அந்த யாரோ ஒருவர் பள்ளிக்குப் போகும் பிள்ளையாக இருந்தால் நீங்கள் கொடுத்தது உதவி ஆகாது. இதைக் கேட்கத் தயங்காதீர்கள். பதில் சரியில்லை என்றால் அந்தக் குடும்பத்துக்குக் கோழியோ வேறு உதவியோ பாருங்கள்.

வீட்டில் கடன் நெருக்கடி இருக்கிறதா என்றும் மெதுவாக விசாரியுங்கள். நெருக்கடியில் இருக்கும் குடும்பம் மூன்றாவது மாதத்தில் ஆட்டை விற்கும். அது அவர்கள் குற்றமில்லை. பசிக்கும் வீட்டில் ஆடு ஒரு சேமிப்பு, சேமிப்பை எடுப்பார்கள். இந்த உண்மையை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2002இல் தொடங்கிய திட்டத்தில் கால்நடை போன்ற ஒரு சொத்தோடு பயிற்சி, சில மாதங்களுக்கு உணவுக்கான உதவித்தொகை, சேமிப்பு, தொடர்ந்து வீட்டுக்கு வந்து பார்ப்பது எல்லாம் சேர்ந்திருந்தன. இதே முறையை எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் சோதித்து 2015இல் வெளியான ஆய்வு, திட்டம் முடிந்து ஓராண்டுக்குப் பிறகும் பலன் நீடித்ததைக் கண்டது. கானாவில் சொத்தை மட்டும் கொடுத்துப் பார்த்த குழுவில் அப்படிப்பட்ட பலன் கிடைக்கவில்லை. ஆட்டோடு கூடப் போனவைதான் வேலை செய்திருக்கின்றன. ஓர் இளைஞர் மன்றத்தால் மாதாந்திர உதவித்தொகை கொடுக்க முடியாமல் போகலாம். வாரம் ஒரு முறை நடந்து போய்ப் பார்க்க முடியும். பணக்கார நன்கொடையாளரிடம் இல்லாதது அதுதான்: உள்ளூரிலேயே இருக்கும் பத்துப் பதினைந்து இளம் கால்கள்.

ஆடு யார் பெயரில் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். தினமும் பார்த்துக்கொள்பவர் வீட்டுப் பெண் என்றால் ஒப்பந்தத்தில் அவர் பெயர் இருக்க வேண்டும், விற்கும் முடிவில் அவர் கையெழுத்து வேண்டும்.

எப்போது, எப்படி வாங்குவது

மன்றங்கள் தேதியை விழாவை வைத்து முடிவு செய்கின்றன. ஆண்டுவிழாவில் மேடை போட்டு ஆட்டைக் கொடுத்தால் படம் நன்றாக வரும். ஆனால் தேதியைப் புல் முடிவு செய்ய வேண்டும். மழை தொடங்கித் தழை துளிர்த்த சில வாரங்களில் கொடுத்தால், புது இடத்துக்கு வந்த ஆடு வறண்ட மாதங்கள் வருவதற்குள் உடல் தேறியிருக்கும். வறட்சி தொடங்கும் நேரத்தில் கொடுத்தால், பழகாத கை, பழகாத இடம், தீவனமும் இல்லை என்று மூன்றும் ஒன்றாகச் சேரும். விழா வேண்டும் என்றால் ஆடு இல்லாமல் நடத்துங்கள். ஒலிபெருக்கிக்கு முன்னால் மாலை போட்டு வெயிலில் நிறுத்திய ஆடு அந்த வாரமே இருமத் தொடங்கும். கையில் கயிற்றைக் கொடுத்துப் படம் எடுக்கும்போது அந்தக் குடும்பத்தின் முகத்தையும் பாருங்கள். அவர்கள் கேட்டால் ஒழிய அந்தப் படம் வெளியே போக வேண்டாம்.

கொட்டில் கட்டி முடித்து, புல் கரணை நட்டு இரண்டு மூன்று மாதம் ஆன பிறகே ஆடு வர வேண்டும். கொட்டிலுக்கு வளர்ந்த ஆட்டுக்கு 10 முதல் 12 சதுர அடி, குட்டிக்கு 4 சதுர அடி. இரண்டு ஆடு, நாலு குட்டிக்கு 5 அடிக்கு 8 அடி போதும். மழை மிகுந்த இடத்தில் தரையிலிருந்து 3 அடி உயரத்தில் சட்டப் பலகைத் தளம் போடுங்கள். இடைவெளி 1.5 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தால் புழுக்கை கீழே விழாது, 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் குட்டியின் கால் மாட்டும். தீவனத் தொட்டி ஆட்டின் தலை மட்டத்தில், கொட்டிலுக்கு வெளியே இருக்க வேண்டும். மிதிபட்ட தழையை ஆடு மோந்துகூடப் பார்க்காது. கட்டி முடித்து ஆடு அடைத்த பிறகு ஒரு நாள் அதிகாலையில் ஆட்டின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். கண் எரிந்தால் காற்றோட்டம் போதவில்லை. நிமோனியா அந்தக் கொட்டிலில்தான் தொடங்கும்.

வாங்கப் போகும்போது அனுபவமுள்ள ஒருவரைக் கூட்டிப் போங்கள், முடிந்தால் கால்நடை ஆய்வாளரையே. வாயைத் திறந்து கீழ்த்தாடையின் முன்பற்களைப் பாருங்கள். எட்டும் சிறிய பால் பற்கள் என்றால் ஒரு வயதுக்குள். நடுவில் இரண்டு பெரிய பற்கள் வந்திருந்தால் ஒன்று முதல் ஒன்றரை வயது. நான்கு என்றால் இரண்டை ஒட்டி. எட்டும் பெரியவையாகித் தேய்ந்து இடைவெளி விழுந்திருந்தால் வயதான ஆடு, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கீழ் இமையை விரித்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் இரத்தம் உறிஞ்சும் புழு வயிற்றில் இருக்கிறது. பின்புறம் கழிச்சல் ஒட்டியிருக்கக் கூடாது. பத்து அடி நடக்கவிட்டுக் கால் பாருங்கள். ஈன்ற ஆடு என்றால் மடியை இரு கையாலும் தடவிக் கட்டி இருக்கிறதா, இரண்டு காம்பிலும் பால் வருகிறதா என்று சோதியுங்கள். "சினை ஆடு" என்ற சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள், மருத்துவர் பார்த்துச் சொன்னால் தவிர. சினை முற்றிய ஆட்டை வண்டியில் ஏற்றுவதே ஆபத்து.

சந்தையில் ஒரே நாளில் பத்து இடத்து ஆடுகளை வாங்கிக் கலப்பது நோயைக் கலப்பது. ஒரே மந்தையில், வளர்த்தவரிடம் நேராக வாங்குங்கள். ஏற்றும்போது காலைக் கட்டாதீர்கள், தரையில் வைக்கோல் பரப்புங்கள், வெயில் ஏறும் முன் பயணம் முடியட்டும்.

அடுத்து, எல்லோரும் விட்டுவிடும் வேலை: 21 நாள் தனியே வைத்திருத்தல். ஊரின் மற்ற ஆடுகள் நெருங்காத ஓர் இடத்தில் புதிய ஆடுகளை வைத்துப் பார்க்க வேண்டும். முதல் நாள் தண்ணீரும் உலர்தீவனமும் மட்டும். இரண்டாம் மூன்றாம் நாளில் தழை. முதல் வாரத்தில் புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுத்துக் குடற்புழு நீக்கம். மருந்தை எடை போட்டுத்தான் கொடுக்க வேண்டும், கண்மதிப்பில் குறைத்துக் கொடுத்தால் புழு சாகாது, மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அல்பெண்டசோல் போன்ற மருந்துகளைச் சினையின் தொடக்க வாரங்களில் கொடுக்கக் கூடாது, குட்டி ஊனமாகும். காய்ச்சலோ சளியோ இல்லை என்றால் இரண்டாவது வாரத்தில் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் அந்தப் பகுதியில் பரவும் மற்ற நோய்களுக்கும் மருத்துவர் சொல்லும் தடுப்பூசிகள். பயணக் களைப்பில் இருக்கும் ஆட்டுக்கு வந்த அன்றே ஊசி போட்டால் எதிர்ப்புச் சக்தி சரியாக உண்டாகாது. 21 நாள் கழிந்து காதில் எண் வில்லையோடு வீட்டுக்குப் போகட்டும்.

கொடுத்த பிறகு

முதல் மாதம் வாரம் இரு முறை, அடுத்த ஐந்து மாதம் வாரம் ஒரு முறை, பிறகு மாதம் இரு முறை. இதற்கு ஆள் போட முடியாது என்றால் ஆடு வாங்காதீர்கள். ஏற்கெனவே கள ஊழியர்களும் மருத்துவரும் உள்ள ஓர் அமைப்புக்குத் திரட்டிய பணத்தைக் கொடுத்துவிடுங்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை.

போகும்போது என்ன பார்ப்பது? இமை நிறம், புழுக்கை கெட்டியா, அசை போடுகிறதா, தொட்டியில் மிச்சம் எவ்வளவு, தண்ணீர் சுத்தமா. ஐந்து நிமிட வேலை. முதல் மாதச் சாவுகளில் இரண்டு வகை அடிக்கடி வரும், இரண்டும் தடுக்கக்கூடியவை. ஒன்று, அன்பால் வருவது. புது ஆட்டுக்கு நல்லது கொடுக்க வேண்டும் என்று வீட்டில் உள்ள தானியத்தையும் மாவையும் ஒரே வேளையில் கொட்டுவார்கள். முதல் இரைப்பையில் அமிலம் ஏறும், ஆடு அசை போடுவதை நிறுத்தும், படுக்கும், ஒன்றிரண்டு நாளில் இறக்கும். அடர்தீவனத்தை நாளைக்கு 50 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். அளவுக்கு ஒரு டப்பாவையே கொடுத்துவிடுங்கள், அதில் கோடு போட்டு. மற்றது கயிறு. நீளக் கயிற்றில் சரிவிலோ சுவர் ஓரத்திலோ கட்டிவிட்டுப் போனால் ஆடு தாண்டித் தொங்கிவிடும். கட்டுவதென்றால் சமதரையில், சுழலும் கொக்கியோடு, நிழலும் தண்ணீரும் எட்டும்படி, ஆள் பார்வையில்.

புழுவைப் பற்றி ஒரு வார்த்தை. வயிற்றுப் புழுக்களின் இளம்பருவம் ஈரப் புல்லின் அடிப்பகுதியில், தரையிலிருந்து சில சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். பனி காய்ந்த பிறகு மேயவிட்டு, தரையை ஒட்டி மொட்டையாக மேய விடாமல், செடி கொடித் தழையை உயரத்தில் கட்டிக் கொடுத்தால் மருந்துச் செலவு குறையும். இளஞ்சோளப் பயிரையும் பச்சை மரவள்ளி இலையையும் கொடுக்கக் கூடாது, அவற்றில் உண்டாகும் சயனைடு நிமிடங்களில் கொல்லும்.

பருவம் தெரியாமல் போவது இன்னொரு பெரிய இழப்பு. வாலை விடாமல் ஆட்டும், கத்தும், பெண்குறி வீங்கிச் சிவந்திருக்கும். இது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குள் நல்ல கிடா எங்கே என்று தேடினால் பருவம் போய்விடும். ஆடு வாங்குவதற்கு முன்பே கிடா எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு கிடா 20 முதல் 30 ஆடுகளுக்குப் போதும், ஆகவே பல குடும்பங்களுக்குப் பொதுவாக ஒன்று வைக்கலாம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அதை மாற்றாவிட்டால் தகப்பனும் மகளும் சேரும். கிடாக்குட்டிகள் மூன்று நான்கு மாதத்திலேயே இணையத் தொடங்கிவிடும், அதற்குள் காயடிக்க வேண்டும் அல்லது பிரிக்க வேண்டும்.

சேர்த்த தேதியைச் சுவரில் எழுதி 150 நாள் எண்ணுங்கள். ஈனும் நேரத்தில் ஆடு அரை மணிக்கு மேல் முக்கியும் குட்டி வெளியே வரவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும், அதற்கான எண் சுவரிலேயே இருக்கட்டும். குட்டி விழுந்ததும் மூக்கைத் துடைத்து, தொப்புள்கொடியை அயோடின் கரைசலில் முக்கி, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைக்க வேண்டும். 2 கிலோ குட்டிக்கு முதல் 24 மணி நேரத்தில் 200 மில்லி, நாலைந்து தடவையாக. சீம்பாலைக் கறந்து கொட்டும் பழக்கம் உள்ள வீடுகளில் இதைப் பல முறை சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த வீட்டுக்கு

ஒப்பந்தம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். அதில் இவை மட்டும் தெளிவாக இருக்கட்டும்: முதல் பெண்குட்டி ஆறு மாத வயதில், தடுப்பூசி போட்டு, மன்றம் தேர்ந்தெடுத்த அடுத்த குடும்பத்துக்குப் போகும். முதல் ஈற்றில் பெண்குட்டி இல்லை என்றால் அடுத்த ஈற்று. கிடாக்குட்டிகள் எல்லாம் வளர்ப்பவருக்கே. குட்டி கைமாறியதும் தாய் ஆடுகள் முழுச் சொந்தம், அதற்குப் பிறகு விற்பது அவர்கள் உரிமை. நோயில் இறந்தால் கடன் இல்லை, ஆனால் அன்றே சொல்ல வேண்டும். அடுத்த வீட்டுக்கும் இரண்டு ஆடு வேண்டும் என்பதால் இரண்டு வீட்டுக் குட்டிகளைச் சேர்த்துக் கொடுக்க நேரிடும், அதையும் எழுதுங்கள். குட்டியைப் பெறப் போகும் குடும்பம், கொடுக்கப் போகும் வீட்டுக்கு முன்பே வந்துபோகத் தொடங்கினால் குட்டியின் வளர்ப்பில் அவர்களுக்கும் அக்கறை வரும்.

ஆடு இறக்கும். பத்தில் ஒன்று என்று வைத்து மாற்று நிதியைக் கணக்கிடுங்கள். இறந்த செய்தி வந்தால் முதலில் கேட்க வேண்டியது "ஏன் கவனிக்கவில்லை" என்பதல்ல, "மற்ற ஆடு எப்படி இருக்கிறது" என்பது. மருத்துவரை வைத்து உடற்கூறு பார்த்துவிட்டு, கிணற்றிலிருந்து தள்ளி 6 அடி ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். திட்டினால் அடுத்த முறை நோயையே மறைப்பார்கள்.

கடைசியாகப் பதிவேடு. ஆட்டுக்கு ஒரு பக்கம்: காது எண், வாங்கிய தேதி, எடை, தடுப்பூசி, குடற்புழு மருந்தும் அளவும், பருவம், சேர்த்த தேதி, ஈன்ற தேதி, குட்டிகள் கிடாவா பெட்டையா என்பது, கைமாறிய தேதி. பார்க்கப் போனவரின் பெயரும் ஒவ்வொரு முறையும். கைபேசியில் மட்டும் வைத்திருந்தால் அந்த உறுப்பினர் வெளியூர் போகும்போது பதிவேடும் போய்விடும், தாளில் ஒரு பிரதி மன்றத்தில் இருக்க வேண்டும். புதிய நிர்வாகிகள் பொறுப்பேற்கும் மாதத்தில் பழைய செயலாளரும் புதியவரும் சேர்ந்து எல்லா வீடுகளுக்கும் ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். பெயர் சொல்லி அறிமுகம், பதிவேட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து அடுத்த தேதி என்ன என்று குடும்பத்தின் முன்னாலேயே வாசிப்பது, பிறகு ஆட்டின் கீழ் இமையைப் புதியவர் தன் கையாலேயே விரித்துப் பார்ப்பது.